தவில் இல்லாத கச்சேரி

டபுள் பேஸ் என்ற வாத்தியத்தை நான் முதலில் உறையோடுதான் பார்த்தேன். ஆளுயரத்துக்கு ஒரு கறுப்புத் துணிமூட்டை உணவகத்தின் வாசலில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. பின்னால் ஆள் இருப்பதே தெரியவில்லை. குரல் மட்டும் வருகிறது, யாராவது கதவைக் கொஞ்சம் பிடிக்க முடியுமா என்று. அப்பா எழுந்து போய்ப் பிடித்தார். முதலில் கழுத்து நுழைந்தது, பிறகு இடுப்பு, கடைசியாக அடியில் மாட்டியிருந்த சின்ன ரப்பர் சக்கரம். அதற்கும் பிறகுதான் மனிதர் வந்தார். வெளியே பனி கொட்டுகிறது, அவருக்கோ நெற்றியெல்லாம் வேர்வை. இரண்டு டாக்ஸிகள் நிற்காமலே போய்விட்டனவாம். நின்ற ஒன்றும் மூட்டையைப் பார்த்ததும் கிளம்பிவிட்டதாம். அதைத் தூக்கிக்கொண்டு சுரங்க ரயிலில் வந்திருக்கிறார்.

“உள்ள என்ன பாப்பா, பொணமா?” என்று அப்பா என் காதருகே குனிந்து தமிழில் கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

1980களின் தொடக்கம், நியூயார்க். நாங்கள் குவீன்ஸில், ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். அம்மா நர்ஸ். தாம்பரம் சானடோரியத்தில் வேலை பார்த்தவள். அமெரிக்க மருத்துவமனைகள் ஊர் ஊராக நர்ஸ் தேடிக்கொண்டிருந்த காலத்தில் அவள் முன்னால் வந்துவிட்டாள். அப்பா அடுத்த வருடம் வந்து, ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதும் வேலையில் சேர்ந்தார். அம்மாவுக்கு மன்ஹாட்டனில், கிரீனிச் வில்லேஜில் ஒரு மருத்துவமனையில் மாலை மூன்று மணியிலிருந்து இரவு பதினொன்று வரை டியூட்டி. அந்தக் காலத்து ரயிலைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்: பெட்டி முழுக்க உள்ளும் புறமும் ஸ்பிரே பெயின்ட் கிறுக்கல், பாதி விளக்கு எரியாது. அந்த நேரத்தில் அம்மா தனியாக அதில் ஏறுவதை அப்பாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தினமும் போய் அழைத்து வருவார். மற்ற நாளில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்னைப் பார்த்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை, மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை என்பதால் நானும் கூடப் போவேன்.

எட்டரைக்கே போய்ச் சேர்ந்துவிடுவோம். பதினொரு மணிக்கு முடியும் டியூட்டிக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று அம்மா கேட்டாள். எஃப் ரயிலை நம்ப முடியாது என்றார் அப்பா. ஆரம்பத்தில் அது உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

ஒதுங்க இடம் தேடிப் போய்த்தான் அந்த உணவகத்துக்குள் நுழைந்தோம். நீளமான, குறுகலான அறை. சிவப்பு ரெக்ஸின் தைத்த இருக்கைகள். கோடியில் ஒரு பேபி கிராண்ட் பியானோ, அதன் மூடியில் குடிகாரர்கள் கிளாஸ் வைத்து வைத்து உண்டான வெள்ளை வளையங்கள். எங்களுக்குச் சாப்பிட அங்கே மூன்றுதான் உண்டு: சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல், வெங்காய வளையம். கச்சேரி நடக்கும் நேரத்தில் ஓர் ஆளுக்கு இவ்வளவு டாலருக்காவது வாங்கியாக வேண்டும் என்று ‘மினிமம்’ வேறு. அப்பா அதை டீ குடித்தே எட்டப் பார்ப்பார். பரிமாறிய பெண்மணிக்கு எங்கள் மேல் இரக்கமோ என்னவோ, எனக்கு வரும் வறுவலை பில்லில் எழுத மறந்துவிடுவார்.

ஒன்பது மணிக்குப் பியானோக்காரரும் பேஸ்காரரும் வாசிக்க உட்கார்ந்தார்கள். பியானோக்காரர் ஒல்லி, வயதானவர், பேசவே மாட்டார். தொடங்குவதற்கு முன் கைக்குட்டையை எடுத்துக் கட்டைகளை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை துடைப்பார். பேஸ்காரர் ஒரு சுருதி கேட்பார், இவர் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டே சுவரைப் பார்ப்பார். அவ்வளவுதான், ஆரம்பித்துவிடும். அறிவிப்பு கிடையாது, முன்னால் தாள் கிடையாது, என்ன பாட்டு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதுகூடக் கிடையாது. பியானோவில் நாலு சுரம் விழும், அதற்குள் பேஸ் புரிந்துகொண்டு சேர்ந்துவிடும்.

அப்பா கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். “தவுலு எங்க?” என்றார்.

அவர் மன்னார்குடிக்காரர். பக்கத்து ஊர் நீடாமங்கலம். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலைக் கோயில் வாசலில் விடிய விடிய நின்று கேட்ட கதையைத் தாத்தா சொல்லிச் சொல்லி வளர்ந்தவர். நாயனக்காரர் மூச்சு வாங்கினால் தவில் பேச வேண்டும். ஒத்து ஊத ஆள் இல்லாமல்கூடச் சமாளிக்கலாம், தவில் இல்லாமல் ஊர்வலம் தெருமுனை தாண்டாது. இங்கே இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்துகொண்டு கச்சேரி என்கிறார்கள். தாளத்துக்கு யார் பொறுப்பு? அவருக்கு அது கல்யாண வீட்டில் சாம்பார் வராத பந்தியாகத் தோன்றியிருக்க வேண்டும்.

எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஜாஸ் இதுதான், இதில் டிரம்ஸ் கிடையாது, அவ்வளவே. எங்கள் மேசை பியானோவை ஒட்டியே இருந்தது. பேஸின் அடியில் ஒரு இரும்பு முள் உண்டு, மொத்த வாத்தியமும் அந்த முள்ளைப் பலகைத் தரையில் ஊன்றித்தான் நிற்கும். மேசைக்குக் கீழே ஷூவைக் கழற்றிவிட்டு நான் பாதத்தைத் தரையில் வைத்துக்கொள்வேன். அவர் தடித்த தந்தியை இழுக்கும்போதெல்லாம் உள்ளங்காலில் ஒரு குறுகுறுப்பு ஏறும். மெல்லிய தந்திக்கு ஒன்றும் ஏறாது. கண்ணை மூடிக்கொண்டே எந்தத் தந்தி என்று சொல்ல எனக்குப் பழகிவிட்டது. அந்தத் தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் நொடிக்கு ஏறத்தாழ 41 தடவைதான் அதிரும் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துப் படித்தது.

தாளத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அப்பாவே விடை கண்டுபிடித்தார். டிரம்ஸ் இருந்தால் பேஸும் அதுவும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். இங்கே பேஸ்காரர் ஒருவரே தூக்க வேண்டும். கட்டத்துக்கு நாலு அடி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு சுரம், நிற்காத நடை. அப்பா தொடையில் விரல் வைத்து எண்ணத் தொடங்கினார். கணக்கெழுதுகிறவர், எண்ணாமல் இருக்க அவரால் முடியாது. சில வாரத்தில் என்னிடம் வெற்றியோடு சொன்னார்: “முப்பத்திரண்டு கட்டம் பாப்பா. எட்டு. அதே எட்டு இன்னொரு தரம். அப்புறம் வேற ஒரு எட்டு. கடைசியில பழைய எட்டு. முடிஞ்சதும் மறுபடி மொதல்லேருந்து.” அந்த ஆள்கள் எவ்வளவு தூரம் போனாலும் இந்த 32 கட்டத்தை விட்டு இறங்குவதே இல்லை என்பதுதான் அவரை அசத்தியது. பழைய பிராட்வே பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த அளவில்தான் இருக்கும். மெட்டை ஒருமுறை நேராக வாசிப்பார்கள். அதன் பிறகு மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அதற்கு அடியில் ஓடும் சுரக்கூட்டுகளின் வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு, அந்தந்த நேரத்தில் தோன்றுவதை வாசித்துக்கொண்டே 32 கட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றி வருவார்கள். பாட்டு முடியப் போகிறது என்று எப்படித் தெரியும்? பியானோக்காரர் ஒரு கையை எடுத்துத் தன் உச்சந்தலையைத் தொடுவார். பாவம், தலைவலி போல என்று நினைத்து நான் அப்பாவிடம் சொன்னேன். இரண்டு மூன்று பாட்டு பார்த்த பிறகு அப்பா சொன்னார், அது தலைவலி இல்லை, மெட்டுக்குத் திரும்பு என்று அர்த்தம்.

பேஸ்காரர் எங்களைக் கவனித்ததும் இந்த எண்ணிக்கையால்தான். ஒவ்வொரு சுற்றும் முடிந்து புதுச் சுற்று தொடங்கும் அடியில் அப்பாவின் புருவம் தானாக ஏறும். வந்திருப்பவர்களில் பாதிப் பேர் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருக்கும் அறையில், சரியான இடத்தில் புருவம் ஏற்றும் ஒரு ஆள் எந்தக் கலைஞருக்கும் தெரியாமல் போகாது. ஒரு நாள் அவர் வேண்டுமென்றே சுற்றின் எல்லையை மறைத்து, முந்தைய சுற்றின் வாக்கியத்தை இரண்டு கட்டம் நீட்டி இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டார். அப்பா ஏமாறவில்லை. புருவம் தன் இடத்திலேயே ஏறியது. பேஸ்காரர் வாசித்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தார்.

இடைவேளைகளில் எங்கள் மேசைக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். பிலடெல்பியாக்காரர், கறுப்பர், பெரிய உடம்பு, அதற்குப் பொருந்தாத மெல்லிய குரல். என் வெங்காய வளையத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு, எடுத்துக்கொள்ளலாமா என்று பிறகு கேட்பார். கையைக் காட்டச் சொன்னேன். வலது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுத் தோல் மஞ்சளாக, செருப்புத் தோல் கனத்துக்குக் காய்த்திருந்தது. அதற்குக் கீழேயே புதிதாக ஒரு கொப்புளம், மேலே வெள்ளைப் பிளாஸ்திரி. அப்பா உடனே கணக்கு போட்டார். நிமிடத்துக்கு 160 அடி வேகம் என்றால் பத்து நிமிடப் பாட்டுக்கு 1600 தடவை அந்தக் கம்பியை இழுக்க வேண்டும். டிரம்ஸ் இருந்தால் நடுவில் கொஞ்சம் விடலாம். இங்கே விட்டால் பாட்டு தரையில் விழும்.

“அப்புறம் ஏன் டிரம்ஸ் வைத்துக்கொள்வதில்லை?” என்று அப்பா கேட்டார்.

போலீஸ், என்றார் அவர்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். உண்மைதான். நியூயார்க்கில் 1926இல், மதுவிலக்குக் காலத்தில், ‘கேபரே சட்டம்’ என்று ஒன்று போட்டார்கள். சாப்பாடோ பானமோ விற்கும் இடத்தில் ஆட்டம் பாட்டம் நடத்தத் தனி உரிமம் வேண்டும். ஹார்லெமில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடியதைப் பொறுக்காமல் போட்ட சட்டம் என்று எழுதியவர்கள் உண்டு, படித்தவரை எனக்கும் அதில் சந்தேகமில்லை. அந்த உரிமம் சின்னக் கடைகளுக்குக் கிடைக்காது, பல தெருக்களில் நில வகைப்பாடே இடம் கொடுக்காது. பின்னாளில் ஒரு விலக்கு சேர்த்தார்கள். சாப்பிடுகிறவர்களின் காதுக்குத் துணையாக மூன்று பேர் வரை வாசிக்கலாம், உரிமம் தேவையில்லை. ஆனால் எதை வாசிக்கலாம் என்று பட்டியல் இருந்தது: பியானோ, ஆர்கன், அக்கார்டியன், கிதார், தந்திக் கருவிகள். ஊதுவதும் தட்டுவதும் கூடாது.

அப்பாவுக்கு அக்கார்டியன்தான் இடித்தது. “அந்த இரைச்சலுக்கு அனுமதி உண்டு, சாக்ஸபோனுக்குக் கிடையாதா?” பேஸ்காரர் தோளைக் குலுக்கினார். அவர் தலைமுறைக்கு இதுவே சலுகை. 1967 வரை மது விற்கும் இடங்களில் வாசிக்கப் போலீஸிடம் அட்டை வாங்க வேண்டியிருந்தது. அட்டையைப் பறித்துவிட்டால் பிழைப்பு போச்சு. தெலோனியஸ் மாங்க் என்ற மேதை 1951இலிருந்து சுமார் ஆறு வருடம் தான் வளர்ந்த ஊரின் கிளப்புகளில் வாசிக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு புதுப் பயம் பிடித்தது. தட்டுவது குற்றம் என்றால் அப்பா? இரண்டாம் கப் டீக்குப் பிறகு அவருடைய விரல்கள் தொடையிலிருந்து மேசைக்கு ஏறிவிடும். பலகை மேசை, நன்றாகவே கேட்கும். தாளத்தோடு நின்றால் பரவாயில்லை, உற்சாகம் வந்தால் கரண்டியை எடுத்துக் கிளாஸிலும் தட்டுவார். கதவு திறக்கும்போதெல்லாம் தொப்பி போட்டவர் யாராவது வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு, அவர் கையை என் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொள்வேன். மகளுக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பத்தே முக்காலுக்குக் கிளம்பி மருத்துவமனைக்கு நடப்போம். சில நாள் வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு யூனிவர்சிட்டி பிளேஸ் வழியாகப் போவோம். அங்கே 70ஆம் எண் கட்டடத்தில் பிராட்லீஸ் இருந்தது. பிராட்லி கன்னிங்ஹாம் என்பவர் 1969இல் தொடங்கிய மதுக்கூடம், பியானோ–பேஸ் இரட்டையர்களுக்கென்றே பெயர் வாங்கிய இடம். டாமி ஃபிளானகன், ஹாங்க் ஜோன்ஸ், ஜிம்மி ரவுல்ஸ், கென்னி பேரன், சீடர் வால்டன் என்று பெரிய பியானோ விரல்களெல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்தில் நின்றவர்கள் ரான் கார்ட்டர், ஜார்ஜ் மிராஸ், ரெட் மிட்செல் போன்றவர்கள். இந்த ரெட் மிட்செல் ஒரு விசித்திரப் பிறவி. உலகத்துப் பேஸ்காரர்களெல்லாம் தந்திகளை நாலாம் சுர இடைவெளியில் கட்டும்போது, இவர் 1966இல் எல்லாவற்றையும் அவிழ்த்துச் செல்லோவைப் போல ஐந்தாம் சுர இடைவெளியில் கட்டிக்கொண்டு, நாற்பது வயதை நெருங்கும்போது விரலுக்கு எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொடுத்தார். எங்கள் பேஸ்காரர் அவரைப் பற்றிப் பேசும்போது பாதி பக்தியும் பாதி எரிச்சலுமாகப் பேசுவார்.

பிராட்லீஸுக்குள் என்னை அழைத்துப் போக அப்பா ஒப்பவில்லை. அது பார், அங்கே டீ கிடைக்காது. கண்ணாடிக்கு வெளியே நிற்போம். புகை, மரச்சுவர், நீள மது கவுன்ட்டரில் வரிசையாக முதுகுகள், எங்கோ பின்னால் பியானோ இருப்பதாக நம்பிக்கை. அந்தப் பியானோவுக்கு ஒரு கதை உண்டு. பால் டெஸ்மண்ட், டேவ் புரூபெக் குழுவின் சாக்ஸபோன்காரர், ‘டேக் ஃபைவ்’ மெட்டைப் போட்டவர், 1977இல் இறக்கும்போது தன் பால்ட்வின் கிராண்ட் பியானோவை பிராட்லீஸுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அவருடைய சாக்ஸபோனுக்குச் சட்டப்படி அந்த அறையில் இடம் கிடையாது. பியானோவுக்கு இருந்தது.

எல்லாம் சட்டத்தால் வந்தது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. எங்கள் பேஸ்காரர் ஒரு நாள் காகிதக் கைக்குட்டையில் இரண்டு பெயர் எழுதிக் கொடுத்தார்: எலிங்டன், பிளான்டன். லிங்கன் சென்டரில் இருந்த நூலகத்தில் இசைத்தட்டு இரவல் தருவார்கள். அப்பா சனிக்கிழமை போய் எடுத்து வந்தார். 1940 அக்டோபர் முதல் தேதி, சிகாகோவில், டியூக் எலிங்டனும் ஜிம்மி பிளான்டனும் மட்டும் உட்கார்ந்து பதிவுசெய்த நாலு பாட்டுகள். ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. எலிங்டனிடம் அப்போது பெரிய வாத்தியக் குழுவே இருந்தது, டிரம்ஸ் உட்பட. எல்லோரையும் விட்டுவிட்டு அந்தப் பையனை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்தார். பையன்தான், இருபத்திரண்டு நிறைய இன்னும் சில நாள் பாக்கி. அதுவரை பேஸ் என்றால் பின்னால் நின்று பொம் பொம் என்று அடி கொடுப்பது. பிளான்டன் அதை முன்னால் கொண்டுவந்து, வில்லால் இழுத்தும் விரலால் மீட்டியும் மெட்டு பேச வைத்தார். ஒரு பாட்டில் பியானோ ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிற்கும், பேஸ் அதற்குப் பதில் சொல்லும், பியானோ அதை மறித்து இன்னொன்று கேட்கும். எங்கள் வீட்டு மட்டமான ஸ்பீக்கரில் பேஸ் பாதிதான் கேட்டது. ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு மீதியைக் கேட்டேன்.

அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தட்டின் உறையிலிருந்த குறிப்பை அப்பா சத்தமாகப் படித்தார். பிளான்டன் 1942இல் இறந்துபோனார், வயது 23, காசநோய். கீரை ஆய்ந்த கை நின்றது. “எந்த மாசம்?” என்றாள். ஜூலை. “அடுத்த வருஷம்தான் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிச்சாங்க. இங்கதான், பக்கத்துல, நியூ ஜெர்சியில.” சானடோரியத்தில் எத்தனை இருபத்து மூன்று வயதுகளுக்கு அவள் அந்த ஊசியைப் போட்டிருப்பாள். அந்தத் தட்டைத் திரும்ப ஒருமுறை வைக்கச் சொன்னாள். ஜாஸ் விஷயத்தில் அம்மா தானாகக் கேட்டது அது ஒன்றுதான்.

அவள் உணவகத்துக்கு வந்ததும் ஒரே ஒரு முறை. வார்டில் நோயாளி குறைவு என்று சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள், நாங்கள் இருக்கும் இடம் தெரியும், வந்துவிட்டாள். நர்ஸ் வெள்ளை ஷூவோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். அன்றைக்குப் பார்த்து அந்த இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம். காரணம் எங்களுக்குத் தெரியாது. இரட்டையர் கச்சேரியில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. நாலைந்து பேர் இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இரவை ஓட்டிவிடலாம். இருவர் என்றால் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டே ஆக வேண்டும், கேட்காவிட்டால் அறைக்கே தெரிந்துவிடும்.

பேஸோடு வாசிக்கும்போது பியானோவின் இடது கை அடக்கமாக இருக்க வேண்டும். கீழ்ச்சுரங்கள் பேஸின் வீடு. அங்கே பியானோவும் புகுந்தால் இரண்டும் குழம்பிச் சேறாகிவிடும். அன்றைக்கு அந்த ஒல்லி மனிதரின் இடது கை முழுக்கக் கீழேதான் இருந்தது. திம் திம் என்று பேஸின் ஒவ்வொரு சுரத்தின் மேலும் ஒன்றைப் போட்டு மூடினார். பேஸ்காரர் இரண்டு சுற்று பொறுத்தார். மூன்றாவது சுற்றில் வாசிப்பதை நிறுத்தி, வாத்தியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டார்.

பியானோ மட்டும் போய்க்கொண்டிருந்தது. சாப்பிடுகிறவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பேஸ் தனியாக வாசித்தால் மட்டும் அதுதான் சமயம் என்று எல்லா மேசையிலும் பேச்சு கிளம்பிவிடும், இன்றைக்கும் உலகம் முழுக்க அதே கதிதான். ஆனால் பேஸ் நின்றுபோனால் ஒருவரும் தலை நிமிரவில்லை. அப்பா மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு முழுச் சுற்று. பிறகு இடது கை கொஞ்சம் கொஞ்சமாகத் தடுமாறி, மேலே ஏறி, கடைசியில் மடிக்குப் போய்விட்டது. வலது கையில் ஒரே ஒரு வரி மெட்டு, அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை. வேறு எட்டு தொடங்கும் இடத்தில், அப்பாவின் புருவம் ஏறிய அதே அடியில், பேஸ்காரர் கையைப் பிரித்துத் தடித்த தந்தியை இழுத்தார்.

“இவங்க ரெண்டு பேரும் சண்டையா?” என்றாள் அம்மா. ஆமாம் போலிருக்கிறது என்றார் அப்பா. “வயசானவர்தான் விட்டுக்கொடுத்தாரு,” என்று சொல்லிவிட்டு என் வறுவலை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். இருபது நிமிடத்தில் அவ்வளவும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வார்டில் முகம் பார்த்துப் பழகியவள்.

சட்டம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் பால் செவிக்னி இசைக்கலைஞர் சங்கத்துக்காக வழக்காடினார். வழக்கு வைப்ரஃபோன் வாசிப்பவர் ஒருவரின் பெயரில் நடந்தது. அதுவும் தட்டும் கருவி என்பதால் பட்டியலில் இல்லை. 1986இலும் 1988இலும் வந்த தீர்ப்புகளில் கருவிப் பட்டியலும் விழுந்தது, மூவர் வரம்பும் விழுந்தது. ஒரு கலைஞன் எதை வாசிக்கலாம், எத்தனை பேராக வாசிக்கலாம் என்று நகராட்சி சொல்வது பேச்சுரிமைக்கு எதிரானது என்பது சாரம். நடனத்துக்கு உரிமம் கேட்கும் பகுதி மட்டும் 2017 வரை இழுத்துக்கொண்டிருந்தது.

நான் அப்போது ஹைஸ்கூல். அம்மாவுக்குப் பகல் டியூட்டி கிடைத்துவிட்டது, அழைத்து வரும் வேலை இல்லை. அப்பாவும் நானும் காரணம் எதுவும் சொல்லாமலே போய்க்கொண்டிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை போனால் எங்கள் மேசையைக் காணவில்லை. அந்த இடத்தில் டிரம்ஸ். பெரிய செட் ஒன்றுமில்லை: மடியளவு டிரம் ஒன்று, காலால் அடிப்பது ஒன்று, இரண்டு பித்தளைத் தட்டு. குச்சிக்குப் பதில் கம்பி பிரஷ் வைத்து இளைஞர் ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தார். நன்றாகவே வாசித்தார். “வந்துடுச்சு பாரு தவுலு,” என்றார் அப்பா, ஆனால் குரலில் பெரிய சந்தோஷம் இல்லை. அந்த இரண்டு பேருக்கு நடுவில் காற்றோட்டமாக இருந்த இடம் முழுக்க இப்போது சரசரவென்று நிரம்பிவிட்டது. எண்ணுவதற்கு ஒன்றும் பாக்கி இல்லை, அதைத்தான் பித்தளைத் தட்டு செய்துகொண்டிருக்கிறதே.

இழந்துவிட்டோம் என்று நான் எழுதத் தயாராக இருப்பதைப் பார்த்தால் அந்தப் பேஸ்காரர் சிரிப்பார். இடைவேளையில் வந்து உட்கார்ந்தவர் நிம்மதியாக இருந்தார். இரண்டாம் சுற்றில் நாலு கட்டம் சும்மா நின்று பார்த்தேன், பாட்டு விழவில்லை என்றார். கென்னி பேரனும் சார்லி ஹேடனும் 1996 செப்டம்பரில் இதே ஊரில், இரிடியம் கிளப்பில், டிரம்ஸ் இல்லாமல் உட்கார்ந்து வாசித்து ‘நைட் அண்ட் தி சிட்டி’ என்று தட்டாகப் போட்டபோது அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, வேண்டி எடுத்துக்கொண்டது. வேண்டி எடுத்துக்கொள்வதற்கும், போலீஸ் வரும் என்பதால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விரல் கிழிவதற்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரியும். நான் தரையில் பாதம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள்தானே.

அப்பா மட்டும் தன் தொழிலை மறக்கவில்லை. முதலாளி மூன்றாவது ஆளுக்குத் தனியாகக் கொடுக்கிறாரா என்று கேட்டார். எங்கே, அதே பணம்தான், மூன்று பங்கு என்றார் பேஸ்காரர். போதாததற்கு ஒரு மேசை வேறு போய்விட்டதே, அந்த வரும்படியும் குறையுமே என்று அப்பா பெருக்கிப் பார்த்தார். விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, விரல் நன்றாக இருக்கிறது, வாடகைதான் இடிக்கிறது என்றார் அவர். கோடை வருவதற்கு முன்பே டிரம்ஸ் போய்விட்டது. எங்கள் மேசை பழைய இடத்துக்கு வந்தது, மினிமம் மட்டும் இரண்டு டாலர் ஏறியிருந்தது.